காடா துணியில பெயின்ட் ஊறாம உருண்டு நின்னதுக்கு காரணம் கஞ்சி

தர்மபுரில லீவுக்கு ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்கு பெயின்டிங் சொல்லித்தர்றேன். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் 1952ல 'மவுன்டன்ஸ் அண்ட் சீ'ங்கிற ஓவியத்துக்கு பண்ண மாதிரி, ப்ரைமர் அடிக்காத துணியில நீர்த்த கலர ஊத்தி ஊற விடணும். அவங்க டர்பன்டைன்ல கரைச்ச ஆயில் பெயின்ட் ஊத்துனாங்க, அந்த நெடி பசங்களுக்கு ஆகாது, அதனால தண்ணி கலந்த அக்ரிலிக், கேன்வாஸுக்கு பதிலா காடா துணி.

ஊத்துனா சேப்ப இலைமேல தண்ணி மாதிரி உருண்டு நிக்குது, காஞ்சா ஓரத்துல கோடு, நடுவுல வெளுப்பு. தண்ணிய கூட்டுனா தேய்க்கும்போதே கலர் பொடியா உதிருது. நம்மூர் போர் தண்ணி உப்புன்னு கேன் தண்ணி வாங்கி பாத்தாச்சு, பெயின்டயும் மாத்தியாச்சு, ஒண்ணும் நடக்கல.

ஒரு பொண்ணு கொண்டு வந்த பழைய வேட்டித் துண்டுல மட்டும் சட்டுனு உறிஞ்சிச்சு. அப்பதான் புரிஞ்சுது, புதுத் துணியில தறிக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கு. வாஷிங் சோடா போட்டு வெந்நீர்ல கொதிக்க வெச்சேன், தண்ணி பழுப்பாகி வழவழன்னு ஆச்சு, அந்த வழவழப்பு போற வரைக்கும் அலசணும், கம்ஃபர்ட் மாதிரி துணிய மெதுவாக்குற எதுவும் போடக்கூடாது. காஞ்சதும் ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, உடனே உள்ள போனா ரெடி. லேசா ஸ்ப்ரே பண்ணி ஈரமாக்கிட்டு ஊத்துனா ஓரம் மெத்துன்னு பரவுது, கோடே விழல. துணியோட ஓரக்கரைய மட்டும் வெட்டிருங்க, அங்க நெசவு நெருக்கம், கலர் தடுமாறி நிக்கும்.