எல்லாவற்றுக்கும் குளிரா? மலையில் முதுகு வலிக்கு நாம் செய்யும் தவறுகள்

நீலகிரியில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் காரணம் தயாராக இருக்கும். குளிர் ஏறிவிட்டது, இல்லையென்றால் வாயு. கோத்தகிரியில் படகர்களின் ஊரான ஹட்டியிலும் சரி, கூடலூரில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டிலும் சரி, இந்த இரண்டு பதில்தான். குளிரில் தசை இறுகும் என்பது உண்மைதான். ஆனால் குளிர், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கைப் பிதுக்காது, எலும்பை நொறுக்காது. பழியை அதன்மேல் போட்டுவிடுவதால், தானாக ஆறும் வலிக்கு ஊசி, ஸ்கேன், பெல்ட் என்று அலைகிறோம். உடனே காட்ட வேண்டிய வலியைத் தைலம் தேய்த்து மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம்.

முதலில் தானாக ஆறும் வகை. திடீரென்று வரும் இடுப்பு வலியில் பெரும்பாலானவை தசையும் தசைநாரும் இழுத்துக்கொள்வதால் வருபவை. சில வாரங்களில் அடங்கிவிடும். அடுத்தது டிஸ்க். முதுகெலும்பில் அசையும் எலும்புகள் 24, அவற்றின் இடையே மெத்தைபோல் டிஸ்க்குகள். அடி இடுப்பில் உள்ள கடைசி இரண்டும்தான் அதிகம் பிதுங்குபவை. பிதுங்கியது நரம்பை அழுத்தினால் வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும், அதுதான் சயாட்டிகா. அதிலும் பெரும்பாலானோர் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறுகிறார்கள்.

இங்கே நடக்கும் முதல் தவறு, பத்து நாள் கம்பளிக்குள் படுத்துவிடுவது. ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்குமேல் படுத்தால் தசை தளர்ந்து, எழும்போது வலி கூடும். வீட்டைச் சுற்றிச் சமதளத்தில் கொஞ்சம் நடப்பது நல்லது. படிக்கட்டு ஏறி இறங்குவதையும் பாரம் தூக்குவதையும் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் மிதிக்கிற வைத்தியம். பிறக்கும்போது கால் முன்னால் வந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று இன்னும் ஆள் தேடுகிறார்கள். தசைப் பிடிப்பு எப்படியும் விட்டுவிடும், பெயர் மிதித்தவருக்குப் போகும். அறுபது தாண்டிய, எலும்பு மெலிந்த பாட்டியின் முதுகில் இதைச் செய்தால் எலும்பே நொறுங்கலாம்.

தைலம் பற்றி உள்ளூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீலகிரித் தைலம் தோலில் சூடு தரும், வலியை மறக்கடிக்கும், அவ்வளவுதான். டிஸ்க் வரைக்கும் அது போகாது. ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது ஆஸ்பிரின் குடும்பத்து வேதிப்பொருள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை அள்ளிப் பூசக் கூடாது.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். மருந்துக்கடையில் ‘முதுகு வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள் பலர். டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடலாம். சிகூர் பக்கம் பாறு கழுகுகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இந்த மருந்து போட்டு இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு இதைத் தடை செய்தார்கள். மனிதனுக்கு அவ்வளவு கொடிய மருந்து இல்லைதான். ஆனாலும் சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அந்த ‘செட்’டில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால், நாளடைவில் அது எலும்பையே மெலிய வைக்கும்.

ஸ்கேன் எடுக்கக் கோவைக்கு இறங்குவது அடுத்தது. ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது டிஸ்க் புடைத்திருக்கிறது என்று பார்த்தவுடன் வேலையையே விட்டவர்கள் உண்டு. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்குப் பல்ஜ் இருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம். நரை விழுவது மாதிரிதான் இதுவும். ஆபத்து அறிகுறி இல்லையென்றால் முதல் ஆறு வாரத்துக்கு ஸ்கேன் தேவையில்லை.

சரி, வேலைக்கு வருவோம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து பாரம் தூக்குவது அதற்கு அதிக அழுத்தம். கேத்தி பக்கம் இருட்டிலேயே கேரட் பிடுங்கப் போகிறவர்கள் செய்வது சரியாக இதைத்தான். எழுந்தவுடன் போகாமல் கொஞ்சம் முன்னதாக எழுந்து நடமாடிவிட்டுப் போகலாம். மூட்டையைக் காலடியிலிருந்து தூக்காதீர்கள். படிப்படியாக இருக்கும் வயலில் மேல் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, நீங்கள் கீழ்த்தட்டில் இறங்கி நின்றால் மூட்டை இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். திரும்பி நின்று முதுகில் வாங்கிக்கொள்ளலாம். ரோட்டிலிருந்து எண்பது படி கீழே இருக்கும் வீட்டுக்கு கேஸ் சிலிண்டரைத் தனியாளாக இறக்குவதும் வேண்டாம். கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. எதைத் தூக்கினாலும் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். இடுப்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்புங்கள். கத்திரி போட்டுத் தேயிலைக் கொழுந்து வெட்டுபவர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தே நாள் முழுக்க வெட்டாமல், நிரை மாறும்போதாவது நிமிர்ந்து பின்னால் வளைய வேண்டும்.

வயதானவர்கள் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரக் கூடாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள்கூடப் பரவாயில்லை. வேகத்தடையில் பின்சக்கரம் தூக்கிப்போடும் ஒரே குலுக்கலில் மெலிந்த முதுகெலும்பு நசுங்கிவிடலாம். அதையும் ‘பஸ்ஸில் குளிர்காற்று பட்டது’ என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருப்பார்கள்.

இனி, குளிர் என்று சொல்லவே கூடாத வலிகள். முப்பது வயதுகூட ஆகாத பையனுக்கு மூன்று மாதமாகக் காலையில் முதுகு விறைக்கிறது, அரை மணி நேரம் கடந்தும் விடுவதில்லை, நடந்தால் சுகம், படுத்தால் மோசம் என்றால், அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். மருந்தில் அடங்கும், வருடக்கணக்கில் விட்டால் முதுகு வளையாமல் இறுகிப்போகும். மலையில் இது தாமதமாகத் தெரியலாம், ஏனென்றால் காலை விறைப்பு என்றாலே குளிர் என்று விட்டுவிடுவோம்.

இரவிலும் விடாத வலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்றால் முதுகெலும்புக் காசநோயைச் சோதிக்க வேண்டும். இருமல் இல்லாமலும் இது வரும். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம்.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தன்னையறியாமல் கசிந்தாலோ, தொடை இடுக்கும் மலவாயைச் சுற்றியும் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும் மருத்துவமனை. முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று இருக்கலாம். இதில் ஒரு நாள் தாமதம்கூட வாழ்நாள் முழுக்கத் தொல்லையாகிவிடலாம்.

மிளகு பறிக்கவோ கிளை கழிக்கவோ சில்வர் ஓக் மரம் ஏறி விழுந்தவரை நாம் தூக்கும் விதம்தான் இருப்பதிலேயே பெரிய தவறு. வீடு வரை ரோடு கிடையாது, அதனால் கம்பளியில் போட்டுத் தூளி மாதிரி நாலு பேர் தூக்கி ஏறுவார்கள். உடைந்த முதுகு அதில் மடங்கும். விழும்போது பிழைத்த தண்டுவடம் தூக்கும்போது நசுங்கலாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதும் வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு, தலையை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டு, விழுந்த இடத்திலேயே விடுங்கள். ஆள் வரும்வரை காத்திருக்கவே முடியாத இடம் என்றால் ஒரு கதவையோ பெஞ்சையோ கழற்றிக் கொண்டுவாருங்கள். தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் உருளும்படி நாலு பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்பி, பலகையை அடியில் தள்ளி, அதன்மேல் மெதுவாகச் சாய்த்து, துண்டால் நெற்றி, மார்பு, தொடை மூன்று இடத்தில் கட்டி, அப்புறம் படி ஏறுங்கள்.