கேபிளை இழுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

குழாய்க்குள் இழுக்கும் மின்கேபிள் நகரவில்லை என்றால் இன்னும் நாலு ஆளைக் கூட்டி இழுப்பது பல சைட்டுகளில் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இன்சுலேஷன் நசுங்கியிருக்கும். ஃபால்ட் பல மாதம் கழித்துத்தான் வரும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 3.5 கோர் (மூன்று முழு அளவுக் கடத்தி, ஒரு சின்ன நியூட்ரல்), 185 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்டு (உலோகக் கவசம் உள்ள) கேபிள். எடை மீட்டருக்கு 4 கிலோ, அதாவது சுமார் 40 நியூட்டன் (உங்கள் கேபிளுக்கு கேட்டலாக்கைப் பாருங்கள்). குழாய் 100 மீட்டர் நேராகப் போய், முடிவில் மூன்று 90 டிகிரி வளைவு.

படி 1: எவ்வளவு தாங்கும்?
புல்லிங் ஐயை (கேபிள் முனையில் மாட்டும் இழுப்பு வளையம்) கடத்தியோடு பிணைத்து இழுத்தால், கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1255 சொல்லும் வரம்பு சதுர மி.மீ.க்கு அலுமினியத்துக்கு 30 நியூட்டன், செம்புக்கு 50. சின்ன நியூட்ரலைச் சேர்க்காதீர்கள். 3 × 185 × 30 = 16,650 நியூட்டன். கேபிளின் வெளிப்புறத்தைப் பிடிக்கும் வலை உறை மாட்டி இழுப்பதற்கு வரம்பு வேறு.

படி 2: நேர்ப்பகுதி
உராய்வுக் கெழு × எடை × நீளம். லூப்ரிகண்ட் தடவினால் கெழு 0.3 என்று வைக்கலாம்: 0.3 × 40 × 100 = 1,200 நியூட்டன். தடவாமல் 0.5 என்றால் 2,000.

படி 3: வளைவு
இங்கேதான் நிதானம் வேண்டும். நேர்ப்பகுதி இழுவிசையைக் கூட்டும், வளைவோ பெருக்கும். ஒவ்வொரு 90 டிகிரிக்கும், கெழு 0.3 என்றால் 1.6 மடங்கு, 0.5 என்றால் 2.2 மடங்கு.

லூப்ரிகண்டோடு: 1,200 → 1,920 → 3,072 → 4,915. பரவாயில்லை.
இல்லாமல்: 2,000 → 4,400 → 9,680 → சுமார் 21,000. வரம்பைத் தாண்டிவிட்டது!

படி 4: டிரம்மை எந்தப் பக்கம் வைப்பது?
இதுவரை பார்த்த கணக்கு, டிரம் (கேபிள் சுற்றியிருக்கும் உருளை) நேர்ப்பகுதி முனையில் இருந்தால்; அதைச் சுழற்றும் விசையை அங்கே சேர்க்கவில்லை. மாற்றி, வளைவுகள் இருக்கும் முனையில் வையுங்கள். டிரம்மைச் சுழற்ற 200 நியூட்டன் ஆகிறது என்றால், மூன்று வளைவும் தாண்டி சுமார் 820. அப்புறம் நேர்ப்பகுதிக்கு 1,200. மொத்தமே 2,020! அதே குழாய், அதே கேபிள். டிரம் மட்டும்தான் இடம் மாறியது.

படி 5: பக்க அழுத்தம்
வளைவில் கேபிள் குழாய்ச் சுவரில் அழுந்தும் அளவு இது. வளைவை விட்டு வெளிவரும் இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுங்கள். ஆரம் 1 மீட்டர் என்றால் முதல் முறையில் மீட்டருக்கு 4,915 நியூட்டன், டிரம்மை மாற்றினால் 820. தயாரிப்பாளர் தரும் வரம்போடு ஒப்பிடுங்கள். மொத்த இழுவிசை சரியாக இருந்தும் இதில் தவறிப்போவதுண்டு.

சரி, இனி இழுக்கலாம். வின்ச் (இழுக்கும் இயந்திரம்) கயிற்றில் இழுவிசை காட்டும் டைனமோமீட்டர் மாட்டி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கணக்கில் வந்ததைவிட அளவு திடீரென ஏறினால், வரம்பு தொலைவில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, குழாயில் என்ன சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்.