கேம்பர் இழுக்க பெட்ரோல் டிரக்கா, டீசல் டிரக்கா?

கேம்பர் என்னும், பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டிக்காக பிக்கப் டிரக் வாங்கப் போகிறீர்களா? இன்ஜினைப் பற்றி யோசிக்கும் முன், டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். வண்டி தன் மேல் எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவைத் திறனை எட்டும் முன்பே பெரும்பாலும் இந்த அளவு தீர்ந்துவிடும். கொக்கியில் மாட்டும் கேம்பர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் இறக்கும். 3,000 கிலோ கேம்பர் என்றால் 300 முதல் 450 கிலோ. அப்புறம் ஆட்கள், சாமான்கள் வேறு. டீசல் இன்ஜின் கனமானது. அதே மாடலில் டீசல் எடுத்தால் தாங்கும் அளவு இன்னும் குறையும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சரி, டீசல் எதற்கு? மலைப்பாதைக்கு. குறைந்த சுழற்சியிலேயே நல்ல டார்க் (சுழற்றும் விசை) கிடைப்பதால் ஏற்றத்தில் இன்ஜின் அலறாது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதை, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஈடுகட்டும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். என்னைக் கேட்டால், இறக்கத்தில் புகை வெளியேறுவதை நெரித்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்தான் இன்னும் பெரிய வசதி. சக்கர பிரேக் சூடேறிப் பிடிப்பு இழக்கும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

எப்போதாவது விடுமுறையில் சமதரையில் இழுப்பது, மற்ற நாட்களில் பக்கத்திலேயே குட்டி ஓட்டம் என்றால் பெட்ரோலே போதும். டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடேறிச் சுத்தமாக நீண்ட ஓட்டம் வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவும் அதிகம்.