சேஸிஸ் உடைந்த அன்றே செய்துவிடும் தவறுகள்

பைக்கின் சேஸிஸில், அதாவது எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தில், விரிசல் விழுந்தால் டெல்டாவில் வண்டி நேராகப் போவது வெல்டிங் பட்டறைக்குத்தான். அறுப்பு நேரத்தில் வண்டி ஒரு நாள் நின்றாலும் முடை. பத்து நிமிடத்தில் பற்றவைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் "கம்பெனி மேல் கேஸ் போட்டால் என்ன?" என்று தோன்றும். போடலாம். ஆனால் உங்களிடம் இருந்த முதல் சாட்சி அந்தப் பத்து நிமிடத்தில் உருகிப்போயிருக்கும்.

அந்தச் சாட்சி, இரும்பு உடைந்த இடத்தின் முகம். யார் பொறுப்பு என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். நாள்பட்ட விரிசல் என்றால் ஒரு பக்கம் பழுப்பேறி, வழுவழுப்பாக, கரை ஒதுங்கிய அலைபோல் கோடுகள் தெரியும். கடைசியாக அறுந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக மின்னும். வெல்டிங் சரியாகப் பிடிக்காமல் போயிருந்தால் பற்று அப்படியே பெயர்ந்து வரும், அடியில் குழாயின் விளிம்பு உருகாமல் இருக்கும். ஊசித் துளைகளும் தெரியலாம். மோதி உடைந்தது வேறு மாதிரி: ஹேண்டில் கழுத்துக்குக் கீழே குழாய் சுருங்கி மடியும், பெயின்ட் செதிலாக உதிரும், முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கும் வளைந்திருக்கும். துரு அரித்தது என்றால் குழாயின் சுவரே காகிதமாய் மெலிந்திருக்கும்.

ஆகவே உடைந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதீர்கள். உரசினாலே அந்தக் கோடுகள் அழிந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், பெட்ரோல் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். உடைந்த இடத்தோடு சேஸிஸ் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம், ஸ்கேல் வைத்து நெருக்கமாக ஒன்று, கிலோமீட்டர் காட்டும் மீட்டரை ஒன்று, வண்டி முழுசாக நாலு பக்கமும் எடுங்கள். எடுத்த பின் அந்த இடத்தை ஈரம் படாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி, வண்டியைத் தள்ளாமல் லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் புதிதாக உடைந்த முகம்கூட ஒரே இரவில் பழுப்பேறிவிடும். பிறகு எது பழைய விரிசல், எது புதியது என்பதே வாக்குவாதமாகிவிடும்.

அடுத்து எடை. கம்பெனி முதலில் கேட்கப்போகும் கேள்வி இதுதான். 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கும் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சாமான் எல்லாம் சேர்த்து 130 கிலோ அளவுதான் வரம்பு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். 60 கிலோ நெல் மூட்டை இரண்டு, ஓட்டுபவர் 65 கிலோ என்றால் 185 ஆகிவிட்டது. பால்காரர்களின் 40 லிட்டர் கேன் இரண்டு தொங்கினால் பாலே 80 கிலோவைத் தாண்டும். எடையைவிடக் கெடுதல், அது எங்கே உட்காருகிறது என்பது. பின் சக்கர அச்சுக்கு அப்பால் நீட்டிய கேரியரில் வாழைத்தாரோ வைக்கோல் கட்டோ ஏறினால் அது நெம்புகோலாக வேலை செய்யும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக்கப்சர் பிடித்திருக்கும் இடத்தை இழுக்கும். விரிசல் பெரும்பாலும் அங்கேயும், ஹேண்டில் கழுத்து வெல்டிங்கிலும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஊசி போகும் இடத்திலும்தான் விழும். சேஸிஸிலேயே வெளிக் கேரியரைப் பற்றவைத்திருந்தால் உங்கள் வழக்கு பாதி போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்த பொருளுக்கு, விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 87 சொல்கிறது. கேரியர் வேண்டுமென்றால் போல்ட் போட்டுக் கட்டுங்கள்.

துரு விஷயத்தில் மீன் வண்டிகள் தனி ரகம். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடு சொட்டிக்கொண்டே வந்து பின் சேஸிஸில் இறங்கும். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்துக் குழாய் மாட்டி, தண்ணீரைச் சக்கரத்துக்கு வெளியே விடுவது ஒரு மணி நேர வேலை, யாரும் செய்வதில்லை. வயல் சேற்றில் ஓடும் வண்டிகளில் குழாயின் அடியில் இருக்கும் வடிகால் துளை அடைந்து, தண்ணீர் உள்ளேயே நிற்கும். கம்பி விட்டு அதைக் குத்தித் திறந்து வையுங்கள். இதில் இன்னொன்று: பழுப்பாய்த் தெரிவதெல்லாம் துரு என்று நினைத்துவிடவும் கூடாது. 2023ல் இந்தோனேசியாவில் ஹோண்டா ஸ்கூட்டர் சேஸிஸ் உடைவதாகப் புகார் கிளம்பியபோது, உள்ளே இருந்த மஞ்சள் படிவு துருவா, வெல்டிங்கில் மிஞ்சும் சிலிகேட் கசடா என்பதே பெரிய வாதமானது. சிலிகேட் என்றது கம்பெனி. படத்தை வைத்து இதற்கு முடிவு கட்ட முடியாது.

இன்னும் உடையாத வண்டியில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை. எஞ்சின் ஆறிய பின் அந்த இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவுங்கள். கால் மணி கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் தூளில் ஊறி, ஒரு கோடாகத் தெரியும். பிரேக் பிடிக்கும்போது முன்னால் 'டக்' என்று கேட்டால் உடனே சேஸிஸ் என்று பயப்பட வேண்டாம். பல நேரம் ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட், தளர்ந்திருக்கும்.

ஷோரூமில் நடப்பது வேறு. "சேஸிஸ் உடைந்துள்ளது" என்று நீங்கள் சொல்வீர்கள், செய்யவேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று ஏறும். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த இடம், எத்தனை கிலோமீட்டர், வாரண்டியா இல்லையா என்பதை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம்" என்றால் அந்த மெயிலில் உங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நீட்டும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

விழுந்து அடிபட்டிருந்தால் இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. தானாக உடைந்த பாகத்துக்குப் பாலிசியில் பணம் கிடையாது என்பதால், "பள்ளத்தில் விட்டேன், அதனால் உடைந்தது" என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனி வக்கீல் எடுத்து நீட்டுவது அந்தப் படிவமாகத்தான் இருக்கும். நடந்தது எதுவோ, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். உடைந்ததால் விழுந்து, அதில் கெட்டுப்போன மற்ற பாகங்களுக்குத் தனியே கேட்கலாம்.

கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. விற்ற டீலர், தயாரித்த கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கையைக் காட்டுவார். மீன், பால் வியாபாரத்துக்கு ஓட்டுகிற வண்டி என்றால் "என் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்" என்ற வரி மனுவில் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வணிக நோக்கம் என்று தள்ளப் பார்ப்பார்கள். சேஸிஸ் மட்டும் உடைந்தது என்றால் அது குறைபாட்டுப் புகார்: மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம். காயமும் பட்டிருந்தால் தயாரிப்பாளரின் பொருள் பொறுப்பு (பொருளின் குறையால் வந்த பாதிப்புக்கான பொறுப்பு) என்று தனியாக இழப்பீடும் கேட்க வேண்டும். உடைந்த பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி பிரிவு 38ன் கீழ் நீங்களே மனுப் போடுங்கள். அதற்கான செலவை நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டிவரும். புகார் கொடுக்கக் கெடு 2 வருடம். வாரண்டி 5 வருடம் இருக்கிறதே என்று அசந்து இருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கம்பெனி இறங்கி வந்து புது சேஸிஸே மாட்டிக் கொடுத்தாலும் வேலை முடியவில்லை. சேஸிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் கழுத்தில் பொறித்திருக்கும். அது மாறினால் ஆர்சியிலும் பாலிசியிலும் மாற வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்க டீலரிடமிருந்து புதிய சேஸிஸின் பில்லும், பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் பழைய சேஸிஸைத் திருப்பித் தராதீர்கள், ஆணையத்தின் உத்தரவு வரும்வரை அது உங்களிடமே இருக்கட்டும்.