ஆங்கிலச் சொற்களை அசை பிரித்துப் படிப்பது எப்படி?

ஆங்கிலச் சொல்லை அசை பிரிக்கும்போது முதலில் நம்ப வேண்டியது காதைத்தான். எழுத்துகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எத்தனை உயிரொலிகள் கேட்கின்றனவோ அத்தனை அசைகள். 'மேக்' என்பதை எழுதும்போது 'ஏ', 'ஈ' என இரண்டு உயிரெழுத்துகள் வந்தாலும், கடைசி 'ஈ' ஒலிப்பதில்லை என்பதால் அது ஓரசைச் சொல்லே. யாப்பு படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நமக்கு ஒரே நிரையசையாகும் 'பலா' ஆங்கிலக் கணக்கில் இரண்டு அசைகளாகும்.

எண்ணிக்கை தெரிந்தபின், எங்கே பிரிப்பது என்று பார்க்கலாம். இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே இரண்டு மெய்கள் நின்றால் பெரும்பாலும் அவற்றுக்கிடையே பிரிக்கிறோம்: நாப்-கின், டின்-னர். 'எஸ்-எச்' போலச் சேர்ந்து ஓரொலி தரும் எழுத்துகளை மட்டும் பிரிக்கக் கூடாது. நடுவே ஒரே மெய் இருந்தால், 'டை-கர்' என மெய்க்கு முன்னும் பிரியலாம், 'லெம்-அன்' என மெய்க்குப் பின்னும் பிரியலாம். அழுத்தம் பெறும் முதல் அசை உயிரெழுத்தில் முடிந்தால் அந்த உயிர் பெரும்பாலும் நீண்டும், மெய்யில் முடிந்தால் குறுகியும் ஒலிக்கும். எழுத்துப்பிழையைத் தவிர்க்க இந்த ஒரு விதி மிகவும் உதவுகிறது. இரவு உணவான 'டின்னர்' என்பதில் முதல் அசையை மூட ஓர் 'என்', அடுத்ததைத் தொடங்க இன்னோர் 'என்' வேண்டும். உண்பவரைக் குறிக்கும் 'டைனர்' என்பதிலோ முதல் அசை திறந்தே இருப்பதால் ஓர் 'என்' போதும்.

இறந்தகால விகுதியான 'ஈ-டி' தனி அசையாவது, வான்ட், நீட் போல 'ட்' ஒலியில் முடியும் வினைகளில்தான். 'வாக்' என்பதன் இறந்தகாலம் 'வாக்ட்' என்ற ஓரசையே; அதை 'வாக்கெட்' என்பது தவறு. ஸ்கூலை 'இஸ்கூல்' என்றும் ஃபில்மை 'பிலிம்' என்றும் சொல்லும்போதும், ஓர் உயிரைக் கூட்டி ஓரசையை ஈரசையாக்கிவிடுகிறோம். சொல்லைச் சொல்லியபடியே ஒவ்வோர் உயிரொலிக்கும் மேசையில் ஒருமுறை தட்டிப் பார்த்தால் இந்த மிகை உடனே பிடிபடும்.

அகராதியைப் பார்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதையே காட்டுகின்றன. 'அபவுட்' ஈரசைச் சொல்லாக இருந்தும், ஓர் எழுத்தை மட்டும் வரியின் கடைசியில் தனியே விடக் கூடாது என்பதால் அங்கே புள்ளி இராது. உச்சரிப்புக்கு, அதை அடுத்துத் தரப்படும் ஒலிக்குறிப்பையே பார்க்க வேண்டும்.

ஒலிப்பும் எழுத்தும் முரண்படும் சொற்களுக்கு இரண்டு பிரிப்புகளையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. புதன்கிழமையை எழுதும்போது மனத்துக்குள் 'வெட்-நெஸ்-டே' என மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எழுத்து தவறாது; வாயால் சொல்லும்போது 'வென்ஸ்-டே' என இரண்டே அசைகள்.