தரங்கம்பாடிக்கு வாடகைக் கார் வேண்டாம்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குக் கார் அமர்த்தாதீர்கள். பஸ்ஸில் சென்று, ஊரின் நுழைவாயிலிலிருந்து நடந்தே பாருங்கள். 1792 என்ற ஆண்டைத் தாங்கிய அந்த வெள்ளை வாயிலிலிருந்து ஒரே தெரு நேராகக் கடலுக்குப் போகிறது. 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம் இரண்டும் வழியிலேயே இருக்கின்றன; முடிவில் டேனிஷ்காரர்களின் 1620ஆம் ஆண்டுக் கோட்டை. காரில் போனால் பழைய வீடுகளின் தூண்களும் திண்ணைகளும் கண்ணில் நிற்காது. கோட்டையோடு திரும்பிவிடாமல், அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயிலையும் அவசியம் பாருங்கள்.

முதியவர்கள் உடன் வந்தாலோ, அதே நாளில் பூம்புகாரையும் சேர்த்தாலோ கார்தான் நல்லது. சித்திரை வெயிலில் நண்பகல் நடை கூடவே கூடாது.