கடல், மலை, பாலை: ஜோடியாகப் பறவை பார்க்கப் போகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாம்நகரில் முதல் நாள். ஐந்து மணிக்கே எழுந்து, ஸ்வெட்டர் மாட்டி, ஆறு மணிக்கு விடுதி வாசலில் நின்றோம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் வந்தாக வேண்டும். அங்கே டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டிப் பார்க்கவே ஏழேகால் ஆகிறது. டிரைவர் போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிரில் நின்றதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஆந்தைச் சத்தமும் என் கணவருக்கு ஒரு ஜலதோஷமும்.

குஜராத் கடற்கரை, கட்ச், அபு மலை, ஜெய்சல்மேர், பிகானேர் என்று போன பயணம் அது. திரும்பி வந்து யோசித்தபோது எங்கள் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே வகை என்று புரிந்தது: ஒரு நிலத்தில் பழகியதை அடுத்த நிலத்துக்கும் தூக்கிக்கொண்டு போனது. நம் இலக்கணத்தில் ஒவ்வொரு திணைக்கும் ஒரு சிறுபொழுது உண்டு. நெய்தலுக்குப் பொழுது சாயும் எற்பாடு, குறிஞ்சிக்கு நள்ளிரவு யாமம், பாலைக்கு நண்பகல். பறவை பார்க்கிறவருக்கும் நிலத்துக்கு நிலம் பொழுது மாறும். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்பிப் போனால் பாலையில் உச்சி வெயிலில் நிற்க வேண்டி வரும். அதையும் செய்து பார்த்துவிட்டோம்.

இரண்டு பேருக்கு ஒரு பைனாகுலர்

காசை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. "நான் பார்த்துட்டுத் தர்றேன்" என்று கணவர் சொல்லி முடிப்பதற்குள் பறவை பறந்திருக்கும். அதைவிட மோசம், கையில் கொடுத்தாலும் எனக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. "ஏங்க, இதுல ஒண்ணுமே தெரியலைங்க" என்று இரண்டு நாள் சொன்னேன். "நடுவுல இருக்கிற சக்கரத்தைத் திருப்பு" என்றார். திருப்பினேன். ஒரு கண்ணுக்குத் தெளிந்தால் மறு கண்ணுக்கு மங்கியது.

காரணம் வலது கண் குழலில் இருக்கும் சின்ன வளையம். இரு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதற்காக இருக்கும் அதை டயாப்டர் என்பார்கள். அவர் கண்ணுக்கு ஏற்றபடி அது திருகப்பட்டிருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் ஒரு போர்டு எழுத்தைப் பார்த்து நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அரை நிமிட வேலை. கண்ணாடி போட்டவர்கள் கண் குழலின் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் வட்டத்தின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும்.

வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு எட்டு போதும்.

கடலுக்குக் கடிகாரம் வேறு

கட்ச் வளைகுடாவின் தென்கரையில் இருப்பது 1982-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. நாட்டிலேயே முதலாவது. அங்கே நராரா என்ற இடத்தில் கடல் வற்றும்போது பவளப்பாறைத் தரையில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து போகலாம். மெரினாவில் கடல் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த நினைப்போடு அங்கே போகக்கூடாது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே நீர்மட்டம் பல மீட்டர் மாறுகிறது.

எல்லோரும் செய்வது, "காலையில் பறவை பார்க்கணும்" என்ற பொது விதியோடு போவது. கரைப்பறவைகளுக்குக் காலையும் மாலையும் ஒன்றுதான், கடல்தான் கணக்கு. முழுக்க வற்றிய நேரத்தில் போனால் உள்ளான்கள் எல்லாம் தொடுவானத்தில் புள்ளிகளாக மேய்ந்துகொண்டிருக்கும். ஏறத் தொடங்கும் நேரத்தில் கரையில் உட்கார்ந்தால் தண்ணீரே அவற்றை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே நேற்றைய நேரத்தை நம்பாமல் கிளம்பும் முன் கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம்.

நடக்கும்போது முன்னால் மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. கடல் எதிரிலிருந்து மட்டும் வராது, நாம் தாண்டி வந்த கால்வாய்களில் முதுகுக்குப் பின்னால் நிறையும். உள்ளூர் வழிகாட்டி "திரும்பலாம்" என்றால் கணுக்கால் தண்ணீரிலேயே திரும்பிவிட வேண்டும். செருப்பு உதவாது. சேறு ஒன்றை எடுத்துக்கொள்ளும், பாறை மற்றதைக் கிழிக்கும். கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ சரி.

அங்கேதான் நண்டுண்ணியைப் பார்த்தோம். கிராப் ப்ளோவர் என்றால் நம் பறவை நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். கறுப்பு வெள்ளை உடம்பு, நீண்ட கால், உளி மாதிரித் தடித்த கறுப்பு அலகு. மணலில் வளை தோண்டி முட்டையிடும் கரைப்பறவை. உயர் ஏற்றத்தில் ஒரு திட்டில் ஐம்பது அறுபது கூடி ஓய்ந்திருந்தன. காமிராவோடு என் கணவர் இன்னும் பத்தடி முன்னால் வைத்தார். மொத்தக் கூட்டமும் எழுந்து கடலுக்குள் போய்விட்டது. அது வெறும் ஏமாற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏற்ற நேரத்து ஓய்வு என்பது அந்தப் பறவைகள் தெம்பைச் சேமிக்கும் நேரம், ஒவ்வொரு கலைப்பும் அதிலிருந்து எடுத்த கடன். கூட்டத்தில் தலைகள் நிமிர ஆரம்பித்தாலே நின்றுவிட வேண்டும்.

ஜாம்நகருக்கு அருகிலேயே கிஜாடியா சரணாலயம் இருக்கிறது, ராம்சர் என்ற உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலம். கடல் நீர் உள்ளே வராமல் இருக்க அந்தக் காலத்தில் மன்னராட்சி கட்டிய கரையின் ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் உப்புநீர். ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

கட்ச்சில் ஃபுலாய் என்ற கிராமத்தில் ஹைபோகோலியஸ் பார்க்கலாம். குளிர்காலத்துக்கு மேற்காசியாவிலிருந்து வரும் சாம்பல் நிறப் பறவை, பீலு மரத்துப் பழத்துக்காக வருகிறது. பீலு வேறெதுவும் இல்லை, சங்கப் பாடல்களில் வரும் உகாய்தான். பறவையைத் துரத்திக்கொண்டு புதருக்குப் புதர் ஓடினவர்கள் பார்க்காமல் போனார்கள். பழுத்த மரம் ஒன்றின் எதிரே உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது. எல்லை மாவட்டம் என்பதால் சில பகுதிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அடையாள அட்டை நகல்கள் கையில் இருக்கட்டும். பெரிய லென்ஸை எல்லைக் காவல் முகாம் பக்கம் திருப்பவே வேண்டாம்.

மலையில் முந்திப் போவது

அபு மலையில் சனிக்கிழமை ஏறியது எங்கள் தவறு. ராஜஸ்தானுக்கு இருப்பதே அந்த ஒரு கோடை வாசஸ்தலம். குஜராத்தும் சேர்ந்து அங்கேதான் வருகிறது. திங்கட்கிழமை அதே சாலை காலியாக இருந்தது.

இன்னொன்று, மலையின் மேற்குச் சரிவில் விடிந்தும் நெடுநேரம் நிழல்தான். வெயில் விழும் சரிவு எதுவென்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொண்டால் பூச்சிகளும் அவற்றைத் தேடும் பறவைகளும் முதலில் விழிக்கும் இடம் தெரிந்துவிடும். காட்டில் பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும் கலவைக் கூட்டம் வரும். முதல் குருவியைத் துரத்திக்கொண்டு ஓடினால் பின்னால் வரும் பத்தும் போச்சு. நின்ற இடத்தில் நின்றால் கூட்டமே நம்மைக் கடந்து போகும். சாம்பல் காட்டுக்கோழி கூவியபோது வால்பாறையில் இருப்பதுபோல ஒரு கணம் தோன்றியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைதான், வடக்கே ஆரவல்லியின் இந்தப் பகுதி வரைக்கும் இருக்கிறது.

அபுவுக்குப் பறவைக்காரர்கள் வருவதே பச்சை முனியாவுக்காக. கூண்டு வியாபாரத்துக்குப் பிடித்துப் பிடித்தே அருகிப்போன சின்னக் குருவி. வயல் ஓரங்களில் விதை கொத்தும். அங்கே போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஒருவர் ஒருமுறை செய்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். அதே வயலுக்குச் சீசன் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வயல் யாருடையது என்று கேட்காமல் இறங்குவதும் தவறு. கேட்டால் பெரும்பாலும் டீயும் கிடைக்கிறது. இருட்டியபின் நடை வேண்டாம், ஊருக்குள்ளேயே கரடி வரும்.

பாலையில் கானல்

ஜெய்சல்மேரில் வாடகைக்கு எடுத்த டெலஸ்கோப்பை அறுபது மடங்குக்குத் திருகி, பதினோரு மணிக்கு ஒரு கானமயிலை (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) பார்த்தோம். தண்ணீருக்குள் ஆடும் கறுப்பு வெள்ளைத் துணி மாதிரி ஏதோ தெரிந்தது. கருவி மேல் குற்றமில்லை. மணல் சூடானதும் தரையை ஒட்டிய காற்று அடுக்கடுக்காகச் சூடாகி ஒளியை வளைத்து விடுகிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் சேர்ந்தே பெருகும். பாலையில் முதல் இரண்டு மணி நேரமும் கடைசி ஒன்றரை மணி நேரமும்தான் பார்வைக்குரியவை. நடுவில் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

அங்கே இன்னொரு சண்டையும் வந்தது.

"அதோ, அந்தப் புதருக்குப் பக்கத்துல!"

"எந்தப் புதருங்க? கண்ணுக்கெட்டுன வரைக்கும் புதர்தான்."

வண்டியின் முன்பக்கத்தை 12 மணி என்று வைத்துக்கொண்டு "ரெண்டு மணி, தூரத்து மின்கம்பத்துக்கு இடது" என்று சொல்லப் பழகுங்கள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனாலும் கணவர் கைகாட்டும் திசை மட்டும் மனைவிக்குப் புரிவதில்லை.

மின்கம்பம் என்றதும் சொல்ல வேண்டும். கானமயிலுக்கு நேர் முன்னால் பார்வை குறைவு, உடலோ கனம். ஆண் 15 கிலோ வரை வரும். கம்பியை அருகில் வந்தபின் கண்டாலும் விலக முடிவதில்லை. நாட்டில் மிச்சமிருப்பதே நூற்றைம்பது வாக்கில்தான் என்கிறார்கள். அதனால் தேசியப் பாலைவனப் பூங்காவில் தடத்தை விட்டு வண்டியை இறக்கச் சொல்லி டிரைவருக்குக் கூடுதல் பணம் காட்டுவதைவிடக் கேவலமான தவறு வேறில்லை. வெறுந்தரையில் ஒற்றை முட்டையிடும் பறவை அது. வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள், ஜீப்பைப் பொறுத்துக்கொள்ளும் பறவை மனித உருவத்தைப் பார்த்தால் ஓடும். ஊர்க்காரர்களிடம் "கோடாவண்" என்று கேளுங்கள், உடனே புரியும்.

ஆர்வத்தில் தூரத்து மக்வீன் பஸ்டர்டை கானமயில் என்று எழுதிவிடுவதும் நடக்கும். வெள்ளைக் கழுத்து, கறுப்புத் தொப்பி என்றால் கானமயில். கழுத்தின் பக்கவாட்டில் கறுப்புக் கோடு இறங்கினால் மற்றது, உடலும் ரொம்பச் சின்னது. குளிர்காலக் கழுகுகளில் நிறத்தை நம்பவே கூடாது. மஞ்சள் வாயோரக் கோடு கண்ணின் பின்விளிம்பு வரை நீண்டால் ஸ்டெப்பி, கண்ணின் நடுவோடு நின்றால் டானி.

காலையில் நீர்க்குட்டைகளுக்குக் கல்கௌதாரிகள் கூட்டமாக இறங்கும். குஞ்சு பொரித்த காலத்தில் ஆண் பறவை வயிற்று இறகை நனைத்துத் தண்ணீர் சுமந்து போகும். குட்டைக்கரையில் நாம் முக்காலி போட்டு உட்கார்ந்தால் மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாகத்தோடு திரும்பிவிடும்.

பெண்களுக்கு ஒன்று, யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். டிசம்பர் பாலையும் உடம்பை உலர்த்தும். இரண்டாம் நாள் எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. காலையிலேயே டிரைவரிடம் எங்கெங்கே நிறுத்தலாம் என்று பேசிவிடுங்கள். அதைக் கணவர் கேட்டால் இன்னும் நல்லது. வண்டியில் ஒரு பெரிய குடை இருக்கட்டும், வெயிலுக்கு மட்டுமல்ல.

கடைசியாக, நாற்றத்துக்குப் பயந்து பிகானேர் பக்கத்து ஜோர்பீரை விட்டுவிடாதீர்கள். செத்த மாடும் ஒட்டகமும் கொண்டுவந்து போடும் இடம். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பாதி இறக்கினேன். மரத்தில் மஞ்சள் கண் புறாக்கள். தரையில் ஸ்டெப்பி கழுகுகள். எலும்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் பிணந்தின்னிக் கழுகுகள், யூரேசிய கிரிஃபான்களும் அவற்றுக்கு நடுவே கறுத்த சினேரியஸும். பாலைக்குக் கருப்பொருளாகப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த புறா, பருந்து, எருவை, கழுகு எல்லாம் ஒரே ஜன்னலுக்குள். கதவைத் திறக்கப் போன கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன். அங்கே நாய்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, மனிதரைக் கண்டால் ஒதுங்குவதும் இல்லை.